சிறைக்கோட்டமும் அறக்கோட்டமும்: பாலியல் குற்றத் தண்டனைச் சொல்லாடல் மீது ஒரு மணிமேகலை வாசிப்பு

முன்னுரை

தில்லியின் தென்மேற்கிலுள்ள ஆர்.கே.புரம் தமிழர்க்கு அயலான இடமன்று. தில்லித் தமிழ்ச் சங்கம் இங்கு அமைந்துள்ளது. மலைமந்திர் என வழங்கும் சுவாமிநாதன் கோயில் இங்குள்ள சிறு குன்றின்மேல் நிற்கிறது. அரசு ஊழியர் குடியிருப்புகளாக எழுந்த இதன் செக்டார்களில் தமிழ்க் குடும்பங்கள் நெடுங்காலமாக வாழ்ந்துவருகின்றன. இதே ஆர்.கே.புரத்தில் ரவிதாஸ் முகாம் என்னும் குடிசைப் பகுதியும் உண்டு. 2012 டிசம்பர் 16 இரவு, அருகிலுள்ள முனிர்க்கா நிறுத்தத்தில் தனியார் பேருந்தில் ஏறிய இயன்முறை மருத்துவ மாணவியைக் கூட்டாக வதைத்துச் சாலையில் எறிந்துவிட்டுப் போன அறுவருள் பெரும்பாலோர் அம்முகாமில் வாழ்ந்தவர்கள். டிசம்பர் 29 அன்று அம்மாணவி சிங்கப்பூர் மருத்துவமனையில் உயிர்நீத்தார்.

அன்று முதல் இந்நாட்டில் ஒரு வினா ஓயாது ஒலித்துவருகிறது: பாலியல் குற்றம் புரிந்தவனை, சிறப்பாக அதை மீண்டும் மீண்டும் புரிபவனை, என்ன செய்வது? தூக்கிலிடுவதா, ஆண்மை நீக்குவதா, வாழ்நாள் முழுதும் அடைத்து வைப்பதா, பட்டியலிட்டு ஊரறியச் செய்வதா, சிகிச்சை அளித்துத் திருத்துவதா? இவ்வினா சட்டத்தாரும் மருத்துவரும் மட்டுமே விடைகூற வேண்டியது எனத் தமிழாய்வாளர் ஒதுங்கிவிடுதல் இயல்பு. ஆயின் பொதுமேடைகளில் இவ்விவாதம் எழுந்தபோதெல்லாம் நம் இலக்கியங்கள் சான்றாக அழைக்கப்பட்டன. மனுநீதிச் சோழனும் சதுக்கப் பூதமும் வள்ளுவரின் களைகட்டலும் கடுந்தண்டனைக்கு ஆதரவாக எடுத்தாளப்பட்டன. அவ்வாறு எடுத்தாளுதல் தகுமா என ஆராயும் பொறுப்பு நம்முடையது.

இவ்வாய்வுக்கு மற்றுமொரு தூண்டுதல் உண்டு. இளங்கலை வகுப்பொன்றில் சிறைசெய் காதையைப் பாடஞ்சொல்லிக்கொண்டிருந்தபோது மாணவி ஒருவர், 'துரத்தியவன் உதயகுமரன், கொன்றவன் காஞ்சனன், சிறைக்குப் போனவள் மட்டும் ஏன் மணிமேகலை?' என வினவினார். அன்று கதையின் போக்கைக் கூறி அமைந்தேன். அவ்விடை அவருக்கும் எனக்கும் நிறைவளிக்கவில்லை. இக்கட்டுரை அவ்வினாவுக்குக் காலந்தாழ்ந்த விடை எனலாம்.

சொல்லும் குற்றமும்

தண்டனையைப் பற்றிப் பேசுமுன் குற்றத்திற்கு நாம் இட்ட பெயரை நோக்குதல் வேண்டும். நெடுங்காலம் தமிழ் இதழ்கள் இக்குற்றத்தைக் 'கற்பழிப்பு' என்றே எழுதிவந்தன. இச்சொல்லில் அழிவது பெண்ணின் கற்பு. அவளுடைய உடலும் உயிரும் விருப்பமும் அச்சொல்லில் இடம்பெறவில்லை. குற்றம் புரிந்தவனிடம் எவ்விழப்பும் சுட்டப்பெறாமல், குற்றத்திற்கு உள்ளானவளே எதையோ இழந்தவளாகக் காட்டப்படுகிறாள். பெண்ணிய எழுத்தாளர்களின் தொடர்ந்த மறுப்பின் பயனாக 'பாலியல் வன்கொடுமை', 'வல்லுறவு' முதலிய சொற்கள் இன்று பெருவழக்கு எய்தியுள்ளன. இது சொல்மாற்றம் மட்டுமன்று; குற்றம் யாருக்கு எதிரானது என்பது பற்றிய கருத்துமாற்றம்.

குற்றவாளியைச் சுட்டும் சொற்களோ அவ்வாறு மாறவில்லை. காமுகன், மிருகம், அரக்கன் என்பனவே இன்றும் தலைப்புகளில் இடம்பெறுகின்றன. இவை சினத்தின் சொற்கள் என்ற அளவில் ஏற்கத்தக்கன. விளக்கத்தின் சொற்களாக இவை நம்மை வழிதவறச் செய்கின்றன. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகள், பதிவாகும் வன்கொடுமை வழக்குகளுள் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவற்றில் குற்றஞ்சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்கு முன்பே அறிமுகமானவர் என்பதைத் தொடர்ந்து காட்டிவருகின்றன. உறவினரும் அண்டை வீட்டாரும் ஆசிரியரும் முதலாளியும் 'அரக்கன்' என்னும் சொல்லுக்குள் அடங்குவதில்லை. அச்சொல்லைப் பயன்படுத்தும்தோறும் நம் பார்வை இருட்டிலிருந்து பாயும் அயலானை நோக்கித் திரும்புகிறது. வீட்டிற்குள் இருப்பவன் தப்புகிறான்.

'மீண்டும் செய்தவன்' யார்?

2012 நிகழ்வையடுத்து நீதியரசர் ஜே.எஸ்.வர்மா தலைமையில் லீலா சேத், கோபால் சுப்பிரமணியம் ஆகியோரைக் கொண்ட குழு அமைக்கப்பட்டது. ஏறத்தாழ 80,000 கருத்துரைகளைப் பெற்ற அக்குழு 29 நாட்களில், 2013 ஜனவரி 23 அன்று அறிக்கை அளித்தது. வன்கொடுமைக்கு மரண தண்டனை வேண்டா. மிகக் கொடியோர்க்கு இயற்கை ஆயுள் முடியும்வரை சிறை போதும். வேதியியல் ஆண்மைநீக்கம் மனித உரிமைக்கு மாறானது, அது குற்றத்தின் சமூக வேரைத் தீண்டாதது. சிறார்க்குரிய அகவை வரம்பைப் பதினெட்டிலிருந்து குறைத்தல் கூடாது என்பன அதன் முடிவுகளுள் சில. காவல்துறைச் சீர்திருத்தமும், திருமணத்திற்குள் நிகழும் வன்கொடுமைக்கு அளிக்கப்பட்ட விலக்கை நீக்குதலும் அது வலியுறுத்திய பிற கூறுகள்.

அறிக்கை வெளிவந்த பதினொரு நாட்களுக்குள் அவசரச் சட்டம் பிறந்தது. குழு வேண்டா என்றதை அச்சட்டம் சேர்த்துக்கொண்டது. குழு வேண்டும் என்றவற்றுள் பலவற்றை விட்டது. இந்தியத் தண்டனைச் சட்டத்தில் புதிதாகச் சேர்ந்த 376-இ பிரிவு, வன்கொடுமைக் குற்றத்திற்காக முன்பே தண்டிக்கப்பட்டு மீண்டும் அக்குற்றத்தில் தண்டனை பெறுவோர்க்கு இயற்கை ஆயுள் முழுமைக்கும் சிறை அல்லது மரணம் என விதித்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 71ஆம் பிரிவு இதன் தொடர்ச்சியே.

இப்பிரிவு முதன்முதலாக மும்பை சக்தி மில் வழக்கில் பயன்பட்டது. 2013 ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் கைவிடப்பட்ட அவ்வாலை வளாகத்தில் நிகழ்ந்த இரு கூட்டு வன்கொடுமைகளின் விசாரணையும் ஒரே காலத்தில் நிறைவுற்றது. இரண்டிலும் தொடர்புடைய மூவருக்கு 2014 ஏப்ரலில் 376-இ பிரிவின்கீழ் மரண தண்டனை விதிக்கப்பட்டது. இங்கு ஓர் அடிப்படை வினா எழுந்தது. தண்டனை பெற்று, அதைத் துய்த்து, வெளிவந்து மீண்டும் குற்றம் புரிபவன்தான் 'மீண்டும் செய்தவன்' எனில், திருந்துதற்கு வாய்ப்பே பெறாது ஒரே நேரத்தில் இரு வழக்குகளில் தண்டிக்கப்பட்டவன் அவ்வகையில் அடங்குவானா? மும்பை உயர்நீதிமன்றம் 2019இல் இப்பிரிவு அரசமைப்புக்கு உட்பட்டதே என்றது. ஆயின் 2021 நவம்பரில் மரண தண்டனையை ஆயுள் சிறையாகக் குறைத்தது. மரணம் கழிவிரக்கத்திற்கே இடமின்றிச் செய்துவிடும் என்பது அத்தீர்ப்பின் காரணங்களுள் ஒன்று. தன் செயலை எண்ணி வருந்திக் கழிக்கும் நெடிய வாழ்வே அவர்க்குரிய தண்டனை என அந்நீதிமன்றம் கருதியது. பழந்தமிழ் அறநூலைப் பயின்றவர்க்கு இக்கருத்து அயலானதன்று.

வள்ளுவரும் உரையாசிரியரும்

மரண தண்டனையை வேண்டுவோர் தவறாது எடுத்துக்காட்டுவது செங்கோன்மை அதிகாரத்தின் இறுதிக்குறள். கொடியோரைக் கொலையால் ஒறுத்தலைப் பயிர்காக்கக் களையெடுத்தலோடு ஒப்பிடும் அக்குறளுக்கு உரைகண்ட பரிமேலழகர், கொடியோர் யாவர் என விரிக்குமிடத்துத் தீவைப்போர், நஞ்சிடுவோர், கள்வர் முதலியோரோடு பிறர்மனை விழைவோரையும் சேர்க்கிறார். இச்சான்றை மறைத்துவிட்டு வள்ளுவத்தைக் கருணைக்கு மட்டும் சான்றாக்குதல் நேர்மையாகாது. கடுந்தண்டம் வேண்டுவோர்க்கு மரபில் இடமுண்டு என்பதை ஒப்பவே வேண்டும்.

எனினும் இரண்டு செய்திகள் கருதத்தக்கன. முதலாவது, உரையாசிரியர் சுட்டுவது பிறனுடைய இல்லாளை விழைதல். குற்றம் இங்கே கணவனின் உரிமைமேல் நிகழ்கிறது; பெண்ணின் இசைவு பேசப்படவில்லை. 1860ஆம் ஆண்டுச் சட்டத்தின் 497ஆம் பிரிவும் இதே பார்வையுடன் பிறன்மனை புணர்தலைக் கணவனுக்கு எதிரான குற்றமாக்கியது. 2018இல்தான் உச்சநீதிமன்றம் அதை நீக்கியது. ஆகவே பிறர்மனை விழைதலையும் இன்று நாம் பேசும் வன்கொடுமையையும் ஒன்றெனக் கொண்டு உரையை எடுத்தாளுதல் பொருந்தாது.

இரண்டாவது, வெருவந்தசெய்யாமை அதிகாரத்தின் முதற்குறள் பெரிதும் பேசப்படுவதில்லை. குற்றத்தைத் தக்கவாறு ஆராய்தல், குற்றத்திற்கு ஒத்த அளவில் ஒறுத்தல், அது மீண்டும் நிகழாவண்ணம் ஒறுத்தல் என மூன்று அளவைகளை அக்குறள் தருகிறது. தலைச்செல்லாமை எனும் மூன்றாம் அளவைக்கு, குற்றம் செய்தவன் பின்னும் அதனைச் செய்யாமைப் பொருட்டு என்றே பரிமேலழகரும் பொருள் கொள்கிறார். மீள்குற்றம் பற்றித் தமிழில் உள்ள மிகச் செறிவான கூற்று இதுவேயாகலாம். இவ்வதிகாரத்தின் பெயரே அரசன் குடிகள் அஞ்சுவன செய்யாமை என்பது. அச்சுறுத்துதலை நோக்கமாகக் கொள்ளாது மீள்நிகழ்வைத் தடுத்தலை நோக்கமாகக் கொண்ட தண்டனை என வள்ளுவர் ஓர் இடைவழியை வகுக்கிறார். இவ்விடைவழி நடைமுறையில் எவ்வாறு அமையும் என்பதைக் குறள் கூறவில்லை; கதையாக்கிக் காட்டுவது மணிமேகலை.

சதுக்கப் பூதமும் குற்றவாளிப் பட்டியலும்

மணிமேகலைக்குச் செல்லுமுன் சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதையை ஒருகணம் நோக்கலாம். புகார் நகரின் பூதசதுக்கத்தில் நிற்கும் பூதம், பொய்த்தவ வேடத்தோர், அறைபோகும் அமைச்சர், பிறர்மனை நயப்போர், பொய்க்கரி கூறுவோர் முதலியோரைத் தன் கயிற்றால் பிணித்து உண்ணும் எனத் தன் குரல் நான்கு காதம் கேட்க அறிவிக்கிறது. குற்றவாளியை ஊரறியச் செய்தல் என்னும் எண்ணத்தின் பழைய உருவம் இது.

அமெரிக்காவில் 1996இல் 'மேகன் சட்டம்' பாலியல் குற்றவாளிகளின் பெயரையும் இருப்பிடத்தையும் பொதுமக்கள் அறிய வழிசெய்தது. இந்தியாவில் 2018 செப்டம்பரில் தொடங்கப்பட்ட பாலியல் குற்றவாளிகளின் தேசியத் தரவுத்தளமோ சட்ட அமலாக்கத் துறையினர் மட்டுமே காணத்தக்கது. இவ்வரையறை ஏற்புடையதே. ஊரறிந்த பட்டியல் தண்டனை முடித்தவனுக்கு வேலையும் வீடும் இல்லாமற் செய்து, அவனை மீண்டும் குற்றத்தின் ஓரத்திற்கே தள்ளும் என்பதைப் பலரும் சுட்டியுள்ளனர். மேலும், குற்றவாளி உறவினனாக இருக்கும் பெரும்பான்மை வழக்குகளில் அவன் முகவரியை வெளியிடுதல் பாதிக்கப்பட்டவளின் முகவரியையே வெளியிடுதலாகிவிடும்.

பூதத்தின் பட்டியலில் மற்றொரு செய்தி உண்டு. மறைந்தொழுகும் பெண்டிரும் அதில் இடம்பெறுகின்றனர். ஒழுக்கம் பிறழ்ந்தோர் எனச் சமூகம் கருதுவோரையும் பிறர்க்குத் தீங்கு புரிவோரையும் ஒரே கயிற்றால் பிணிக்கிறது பூதம். பட்டியல்களின் இயல்பான இடர் இதுவே. யாரைச் சேர்ப்பது என முடிவுசெய்யும் கை எதுவோ, அதன் ஒழுக்கக் கோட்பாடும் பட்டியலுக்குள் நுழைந்துவிடுகிறது.

ககந்தனின் வாள்

அதே சதுக்கப் பூதம் மணிமேகலையின் சிறைசெய் காதையில் மீண்டும் வருகிறது. காவிரியில் நீராடித் தனியே திரும்பிய மருதியைப் புகார் நகரைக் காத்துவந்த ககந்தனின் இளைய மகன் தகாத முறையில் அழைக்கிறான். அவள் பூதத்தின்முன் சென்று, பிறன் ஒருவன் நெஞ்சில் தான் புகுந்தது எவ்வாறு, தான் செய்த தவறென்ன என அழுகிறாள். குற்றத்திற்கு உள்ளானவளே தன்னிடம் தவறு தேடும் அக்காட்சியை இன்றைய வாசகர் எளிதிற் கடந்துபோக இயலாது. பூதமும் அவளுக்கு ஆறுதல் கூறவில்லை. கணவனை மட்டும் தொழாது பிற தெய்வம் பேணியும் கதைகேட்டும் விழாக் கண்டும் திரிந்தமையால் அவள் கற்பின் ஆற்றல் குறைந்தது என்கிறது. இரவில் ஏன் வெளியே சென்றாள் என 2012இல் கேட்டவர்களின் குரலுக்கும் இக்குரலுக்கும் இடைவெளி மிகுதியன்று. இதனை அறம் என ஏற்றல் இயலாது. காப்பியம் ஒன்றை மதித்தல் என்பது அதன் எல்லா அடிகளுக்கும் தலையசைத்தல் ஆகாது.

எனினும் பூதம் அத்துடன் நிற்கவில்லை. ஏழு நாட்களுக்குள் அரசு முறைசெய்யும் என்கிறது. ககந்தன் தன் மகனை வாளால் வெட்டுகிறான். இக்கதையை அடுத்தே விசாகையின் கதை சொல்லப்படுகிறது. அவளை விழைந்து மாலையிட முயன்றவன் ககந்தனின் மூத்த மகன். அவனும் தந்தையின் வாளுக்கே இரையாகிறான். அக்கதைகளை மன்னனுக்குக் கூறும் மாதவர் அரசர்கள் முறைதவறாமையைக் காட்டவே கூறுகின்றனர். ஆனால் காப்பியம் இரண்டையும் அடுத்தடுத்து வைத்தமையால் அவர் கருதாத ஒரு பொருளும் தோன்றுகிறது. ஒரே வீட்டில் வாள் இருமுறை இறங்க நேர்ந்தது. கடுந்தண்டனை நிறைவேறியது, தலைச்செல்லாமை நிறைவேறவில்லை.

மற்றொன்றும் நோக்கத்தக்கது. நம் காப்பியங்கள் பாலியல் குற்றவாளியை அரண்மனையில் காண்கின்றன. ககந்தன் மக்கள் இருவரும், உதயகுமரனும் அதிகாரத்தின் பிள்ளைகள். அரசனின் அறம் தன் மகனைத் தண்டிக்கும்போதே சோதிக்கப்படுகிறது. 2020 மார்ச் 20 விடியலில் திகார் சிறையில் தூக்கிலிடப்பட்ட நால்வரோ நகரின் அடித்தட்டிலிருந்து வந்தவர்கள். அவர் குற்றம் கொடியது என்பதில் இருவேறு கருத்தில்லை. ஆனால் அதே பத்தாண்டுகளில் அதிகாரமும் பணமும் உடையோர்மீது எழுந்த புகார்கள் எத்துணை விரைவாக முறைசெய்யப்பட்டன எனக் கேட்கும் உரிமையைக் ககந்தன் கதை நமக்குத் தருகிறது. வாளின் கூர்மையைக் காட்டிலும் வாள் யார்மீது இறங்குகிறது என்பதே முறையின் அளவுகோல்.

காஞ்சனனின் வாள்

உதயகுமரன் ஒருமுறை மட்டும் மணிமேகலையைத் துரத்தியவனல்லன். உவவனத்தில், உலகவறவியில், இறுதியாக நள்ளிரவில் என மீண்டும் மீண்டும் வருகிறான். முற்பிறவியில் அவன் அவளுடைய கணவன் என்றும், அவள் நெஞ்சமும் ஒருகால் அவன்பின் சென்றது என்றும் காப்பியம் கூறுவது உண்மை. அவ்விளக்கம் அவள் மறுப்பின் வலிமையைக் குறைப்பதன்று. விருப்பம் தோன்றிய பின்னும் மறுக்கும் உரிமை உண்டு என்பதையே அது காட்டுகிறது.

காயசண்டிகை உருவிலிருந்த மணிமேகலையைத் தன் மனைவி எனக் கருதிய விஞ்சையன் காஞ்சனன், அவளை நாடிவந்த உதயகுமரனை வாளால் வெட்டி வீழ்த்துகிறான். அவன் வெட்டியது குற்றத்தை ஆராய்ந்தன்று. ஆள்மாறாட்டத்தில் பிறந்த ஐயத்தால். கந்திற்பாவை அவனுக்குக் கூறுவது இதனை உறுதிசெய்கிறது. உதயகுமரனின் இறப்பு அவன் பழவினையின் பயன். ஆயினும் வெட்டியவனை அச்செயலின் வினை விடாது தொடரும். இறந்தவன் தண்டனைக்கு உரியவன் என்பதால் கொன்றவன் குற்றமற்றவன் ஆகிவிடுவதில்லை.

மகன் இறந்த செய்தி கேட்ட மன்னனின் கூற்று இன்னும் கூர்மையானது. இளவரசனுக்குத் தான் செய்ய வேண்டியதைத் தான்தோன்றியாகச் செய்தமையால் விஞ்சையன் தகுதியிலாதவன் என்கிறான். தண்டம் ஒன்றே, ஆயினும் அதைச் செய்யும் உரிமை அனைவர்க்கும் உரியதன்று. 2019 டிசம்பர் 6 அன்று ஐதராபாத் அருகே, கால்நடை மருத்துவரை வன்கொடுமை செய்து கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட நால்வர் காவல்துறையினரால் சுட்டுக் கொல்லப்பட்டபோது மக்கள் காவலர்மேல் மலர் தூவினர். உச்சநீதிமன்றம் அமைத்த நீதியரசர் சிர்புர்கர் ஆணையம், காவலர் கூறிய நிகழ்ச்சி நம்பத்தக்கதன்று என்றும், உயிர்போக்கும் கருத்துடனேயே சுட்டனர் என்றும் 2022இல் வெளியான தன் அறிக்கையில் கண்டறிந்தது. விசாரணையின்றிக் கொன்றபின் அந்நால்வரும் உண்மையில் குற்றவாளிகள்தாமா என்பதை எந்த நீதிமன்றமும் இனிக் கூற இயலாது. மகனை இழந்த மன்னனுக்கு இருந்த நிதானம் நம் காலத்து மலர்மாரியில் இல்லாது போயிற்று.

இராசமாதேவியின் தண்டம்

மன்னன் விஞ்சையனைப் பழித்ததோடு நில்லாது, தன் குலத்தில் இத்தகையோன் பிறந்தான் என்னும் செய்தி பிற வேந்தர் செவிக்கு எட்டுமுன் மகனின் உடலை எரிக்கவும் மணிமேகலையைக் காவலில் வைக்கவும் ஆணையிடுகிறான். மாணவியின் வினாவுக்கு முதல் விடை இங்குள்ளது. அரசின் முதற்கவலை அரசின் மானம். குற்றத்திற்கு உள்ளானவளைக் காவலில் வைத்தால் நிகழ்ச்சி அடங்கிவிடும் என்பது ஆட்சியாளரின் பழைய நம்பிக்கை. 2015இல் தில்லிக் கல்லூரி மாணவியர் விடுதிகளின் நேரக் கட்டுப்பாடுகளை எதிர்த்துக் 'கூண்டை உடை' எனப் பொருள்படும் 'பிஞ்ரா தோட்' இயக்கத்தைத் தொடங்கியமைக்கும் இதுவே காரணம். அச்சம் யாரால் விளைந்ததோ அவன் வெளியே உலவ, அஞ்சுபவள் உள்ளே அடைக்கப்படுகிறாள்.

சிறைவிடு காதையில் கதை மேலும் இருள்கிறது. மகனை இழந்த இராசமாதேவி மணிமேகலையைத் தன் காவலில் பெற்று, மருந்தூட்டி அறிவை மயக்க முயல்கிறாள். அது பலியாதபோது, பொன்கொடுத்து இளைஞன் ஒருவனை அவள்மீது ஏவுகிறாள். பின்னர் உணவின்றி அடைத்து வைக்கிறாள். மணிமேகலை மந்திரத்தால் ஆணுருக்கொள்ள, வந்தவன் அஞ்சி ஓடுகிறான்.

இவ்வொழுங்கு ஊன்றி நோக்கத்தக்கது. மருந்தால் மாற்றுதல், பாலியல் வன்முறையையே தண்டனையாக்குதல், பட்டினியில் அடைத்தல் என்னும் மூன்றையும் காப்பியம் துயருற்ற தாயின் கையிலிருந்து வரச்செய்கிறது. அவள் துயர் மெய்யானது. மெய்யான துயரிலிருந்தும் பொய்யான நீதி பிறக்கலாம் என்பதே இங்குப் பெறப்படுவது. தன்னிடம் வருந்தி வணங்கிய அரசியிடம் மணிமேகலை கேட்பது இது: நீ அழுவது உடலுக்கா, உயிருக்கா? உடலுக்கெனில் அதைச் சுடுகாட்டிற்கு அனுப்பியவர் யார்? உயிருக்கெனில், அவ்வுயிர்மேல் கொண்ட அன்பு எல்லா உயிர்க்கும் உரியதன்றோ?

மருந்தால் ஆண்மை நீக்கும் கோரிக்கை தமிழகத்திலும் வலுவாக எழுந்தது. 2013 ஜனவரி 1 அன்று அப்போதைய முதலமைச்சர் ஜெயலலிதா வெளியிட்ட பதின்மூன்று அம்சத் திட்டத்தில், மரண தண்டனைக்கும் வேதியியல் ஆண்மைநீக்கத்திற்கும் இடமளிக்கும் சட்டத்திருத்தத்தை நடுவணரசிடம் வேண்டுதல் இடம்பெற்றது. 2015 அக்டோபரில் சென்னை உயர்நீதிமன்ற நீதியரசர் என்.கிருபாகரன் சிறாரை வன்கொடுமை செய்வோர்க்கு ஆண்மைநீக்கத்தைப் பரிந்துரைத்தார். கலிபோர்னியா 1996இலும் இந்தோனேசியா 2016இலும் இதனைச் சட்டமாக்கின. தென்கொரியா, போலந்து முதலிய நாடுகளிலும் இத்தகைய சட்டம் உண்டு.

இம்மருந்துகள் ஆண்மைச் சுரப்பைக் குறைத்து இச்சையைத் தணிப்பவை. மருந்தை நிறுத்தினால் சுரப்பு மீளும். இச்சையின் மிகையால் தூண்டப்படும் சிலர்க்கு, அவர் இசைவுடன், உளநல மருத்துவத்தோடு சேர்த்து அளித்தால் பயன் உண்டு என்பதை மருத்துவர் மறுப்பதில்லை. ஆனால் சினத்தாலும் அதிகாரச் செருக்காலும் பெண்ணை இழிவுபடுத்தும் நோக்காலும் நிகழும் வன்கொடுமைக்கு இச்சைக்குறைப்பு மருந்தாகாது. 2012இல் அப்பேருந்தில் இரும்புத்தடியே கருவியாயிற்று. சுரப்பைக் குறைப்பதால் அந்தக் கை நின்றிருக்கும் எனக் கூற இயலாது.

அறக்கோட்டம் என்னும் கருத்தாக்கம்

உதயகுமரன் கொலைக்கு முன்னரே, சிறைக்கோட்டம் அறக்கோட்டமாக்கிய காதையில், காயசண்டிகை உருவில் சிறைக்குள் புகுந்த மணிமேகலை அங்குள்ளோர்க்கு அமுதசுரபியால் உணவூட்டுகிறாள். வியந்த மன்னன் வேண்டுவது யாதெனக் கேட்க, சிறையை அறவோர் வாழும் கோட்டமாக்குமாறு கேட்கிறாள். அவன் இசைகிறான். அச்சிறையில் இருந்தோர் செய்த குற்றங்களைக் காப்பியம் விரிக்கவில்லை. பசித்தோர் என்ற ஒன்றே மணிமேகலைக்குப் போதுமானதாக இருந்தது.

இக்காதையை நேர்ப்பொருளில் இன்றைக்குப் பொருத்த இயலாது. மீண்டும் மீண்டும் வன்கொடுமை செய்தவனை வெளியே விட்டுக் கோட்டத்தின் கதவைத் திறந்துவைக்குமாறு கேட்கும் உரிமை, அவனால் துன்புற்றவள் உயிரோடிருக்கும்வரை, நமக்கில்லை. 2024 டிசம்பரில் சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் மாணவி ஒருவருக்கு நேர்ந்த கொடுமையில் தண்டிக்கப்பட்டவர் முன்பே வேறு குற்ற வழக்குகளில் தொடர்புடையவர். 2025 ஜூன் 2 அன்று அவருக்குக் குறைந்தது முப்பது ஆண்டுகள் குறைப்பின்றிக் கழிக்கவேண்டிய ஆயுள் சிறை விதிக்கப்பட்டது. ஐந்து மாதங்களுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் இத்தீர்ப்பு வந்தது. பெண்களின் பாதுகாப்பு இத்தகைய உறுதியை நாடுவது முறையே.

ஆயினும் முப்பது ஆண்டுகளும் ஒருநாள் முடியும். குறைந்த ஆண்டுகளுக்குத் தண்டிக்கப்பட்டோர் அதற்கு முன்பே வெளிவருவர். சிறைக்குள் அவர்க்கு என்ன நிகழ்கிறது என்பதே மீள்குற்றம் பற்றிய விவாதத்தின் நடுவண் இருக்கவேண்டிய வினா. நம் சட்டப்பிரிவு தண்டனையின் நீளத்தை மட்டும் கூறுகிறது. சிகிச்சை பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை.

சிகிச்சை என்றவுடன் அனைத்தும் சீராகிவிடும் எனவும் கருதுதல் கூடாது. இங்கிலாந்துச் சிறைகளில் பல்லாண்டுகள் நடைபெற்ற பாலியல் குற்றவாளிகளுக்கான குழுச்சிகிச்சைத் திட்டம், அதிற் பங்கேற்றோரிடையே மீள்குற்றம் சிறிது மிகுந்தே இருந்ததென 2017இல் வெளியான மதிப்பீடு காட்டியதையடுத்துக் கைவிடப்பட்டது. நல்லெண்ணமும் அளந்து பார்க்கப்படவேண்டும் என்பது இதன் பாடம். கனடாவின் ஒண்டாரியோவில் 1994இல் தோன்றிய மற்றொரு முறை வேறுவகையானது. சிறை மீண்ட குற்றவாளியைச் சுற்றித் தன்னார்வலர் சிலர் வட்டமாக அமைந்து, அவனுக்குத் துணையாகவும் அவன் செயலுக்குக் கணக்குக் கேட்போராகவும் இருப்பர். அவன் பழகும் இடம், பேசும் ஆள், மனநிலை அனைத்தும் அவர் அறிவர். துணையும் கண்காணிப்பும் ஒரே கையில் இருப்பதே அதன் சிறப்பு. உணவளித்தவளே அறமும் உரைத்த மணிமேகலையின் முறைக்கு இது அண்மையது எனலாம்.

மீள்குற்றத் தடுப்பு சிறையில் தொடங்குவதுமன்று, முதற்புகாரில் தொடங்குவது. 2012 டிசம்பர் 16 மாலை, அம்மாணவி ஏறுவதற்கு முன்னரே, அதே பேருந்தில் தச்சுத் தொழிலாளி ஒருவர் கொள்ளையடிக்கப்பட்டு வழியில் இறக்கிவிடப்பட்டார். அப்பேருந்து தடையின்றி முனிர்க்காவை வந்தடைந்தது. வர்மா குழு தண்டனையின் கடுமையைவிடக் காவல்துறையின் பொறுப்புடைமையை மிகுதியாக வலியுறுத்தியமை இதனாலேயே பொருளுடையதாகிறது. தக்காங்கு நாடுதல் இல்லாதவிடத்து ஒத்தாங்கு ஒறுத்தலும் இல்லை, தலைச்செல்லாமையும் இல்லை.

முடிவுரை

மேற்கூறியவற்றால் சில முடிபுகள் பெறப்படுகின்றன. பழந்தமிழ் நூல்கள் பாலியல் குற்றத்திற்குக் கொலைத்தண்டத்தை ஏற்றுள்ளன என்பது உண்மை. ஆனால் அவை சுட்டிய குற்றமும் நாம் இன்று சுட்டும் குற்றமும் ஒன்றல்ல. மருதியிடம் பூதம் கூறியதுபோல் பாதிக்கப்பட்டவளிடம் பழிகாணும் பகுதிகள் மறுக்கத்தக்கன. எனினும் தண்டிக்கும் உரிமை யாருக்குரியது, தண்டனை யார்மீது இறங்குகிறது, தண்டிப்பவரை அது என்ன செய்கிறது என்னும் மூன்று வினாக்களை மணிமேகலை நம்முன் வைக்கிறது. 'எத்துணைக் கடுமை?' என்பதோடு நின்றுவிடும் இன்றைய பொது விவாதம் இம்மூன்றையும் தவறவிட்டுள்ளது.

மாணவியின் வினாவுக்கு இப்போது விடைகூறலாம். மணிமேகலை சிறைக்குப் போனமைக்குக் காரணம் அவள் குற்றமன்று. தன் மானத்தைக் காக்க விரைந்த அரசும், தன் துயருக்கு இலக்குத் தேடிய தாயும் ஆவர். சிறையிலிருந்து வெளிவந்தவள் பழிவாங்கக் கேட்கவில்லை. மன்னிக்கவேண்டும் என அவளைப்போல் பிற பெண்களிடம் நாம் கேட்டலும் கூடாது. பாதிக்கப்பட்டவர் மன்னித்தாலும் மன்னிக்காவிட்டாலும் அரசு தன் கடமையைச் செய்யவேண்டும். கதவு அடைத்திருக்கவேண்டிய சிறையின் கதவு அடைத்தே இருக்கட்டும். அதனுள் நிகழ்வது அறக்கோட்டமாதல் வேண்டும்.

ஆர்.கே.புரத்துத் தமிழ்ச் சங்கத்திற்கும் ரவிதாஸ் முகாமிற்கும் இடையே உள்ள தொலைவு சிறிது. அத்தொலைவைத் தமிழாய்வு கடப்பதற்கு நம் நூல்களை முழக்கங்களுக்குச் சான்றாக நீட்டுவதைக் காட்டிலும், அவை எழுப்பும் வினாக்களை முழுமையாக வாசித்துக் காட்டுதலே தக்க வழி.